காவிரிக்கு முகம், கோரையாற்றுக்கு முதுகு

திருச்சியைப் பற்றி யார் எழுதினாலும் நம்மை மலைக்கோட்டை உச்சியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வடக்கே திரும்பினால் காவிரி. அதற்கு அப்பால் தென்னந்தோப்பு, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம், இன்னும் தள்ளி கொள்ளிடம். போட்டோ எடுக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அதே இடத்தில் நின்றபடி தென்மேற்கே திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்துக் கம்பியில் சாய்ந்து நிற்க யாரும் போட்டி போடுவதில்லை. சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும். தெரிவதும் மொட்டை மாடிகளும் தண்ணீர் டேங்குகளும் செல்போன் டவர்களும்தான். அந்தக் கட்டடக் கூட்டத்துக்குள் எங்கேயோதான் கோரையாறு வருகிறது. மேலேயிருந்து தேடினால் அகப்படாது. சீமைக்கருவேலம் ஒரு வரிசையாகப் பச்சை காட்டினால், அதுவாக இருக்கலாம் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் கட்சி இதுதான்: இந்த ஊரை உண்டாக்கியது காவிரி, சந்தேகமில்லை. ஆனால் இனி இந்த ஊரை ஆட்டிவைக்கப் போவது கோரையாறு. திருச்சிக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எங்கே என்று சட்டெனக் காட்டத் தெரியாது.

முதலில் பெரிய ஆற்றின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு மேற்கே, கரூர் ரோட்டில் போனால் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே வருவது காவிரியாகவே இருக்க, வடக்கே போவது கொள்ளிடம் ஆகிறது. கொள்ளிடம் தாழ்வு. தண்ணீரைத் தன் போக்கில் விட்டால் அந்தப் பக்கமே சாயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொண்டே போக, காவிரியில் மணல் மேடு தட்டி, தஞ்சாவூர்ப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியது அந்தச் சாய்வை மறிக்கத்தான். அதற்கப்புறம் ஏற்பாடு எளிது. பாசனத்துக்கு வேண்டியது காவிரியில், மிச்சம் மீதி கொள்ளிடத்தில். 1934-ல் மேட்டூர் அணையும் வந்துவிட, காவிரியில் எவ்வளவு வரும் எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிகிற சங்கதியாகிவிட்டது. மேட்டூரில் திறந்தால் நமக்கு டிவியில் வந்துவிடும். தண்ணீர் வந்து சேர இடையில் நேரம் இருக்கிறது.

ஆக, நகரம் இவ்வளவு நெருக்கமாகக் காவிரியின் தென்கரையில் உட்கார்ந்திருக்க முடிவது கொள்ளிடம் அடி வாங்கிக்கொள்வதால்தான். 2018 ஆகஸ்டில் அது வாங்கிய அடி ஊருக்கே தெரிந்தது. மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கன அடியை ஒட்டித் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். முதலில், 1928-ல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் போயின. நல்லவேளை, பக்கத்தில் புதுப் பாலம் வந்து பழையதில் வண்டிகள் ஓடுவதை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். சில நாளில் முக்கொம்பிலேயே கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. காட்டன் கட்டிய அணை, 182 வருஷம் நின்றது. ஏன் போனது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே சொல்தான் சொல்வார்கள்: மணல். லாரி லாரியாக அள்ளி ஆற்றின் படுகை இறங்கினால் மேலே இருக்கிற தூணும் மதகும் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இப்போது அங்கே புதிய கதவணை கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமும் வறுத்த மீன் கடைகளும் பழையபடி வந்தாயிற்று.

காவிரியைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை. அதைப் பாட ஆள் இருக்கிறது.

நகரத்துக்குள் ஓடுகிற தண்ணீர் வேறு. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து, புத்தூர், கோர்ட்டுப் பக்கம், பாலக்கரை, அரியமங்கலம் என்று ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிற உய்யக்கொண்டான் வாய்க்கால். நீளம் சுமார் 70 கிலோமீட்டர். முப்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தது என்பார்கள். உய்யக்கொண்டான் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. ஆயிரம் வருஷம் ஓடிய வாய்க்காலை நகரத்துக்காரர்கள் "சாக்கடை" என்று சொல்லிப் பழகியது என் தலைமுறையில்தான். தண்ணீர் விடுகிற மாதங்களில் கோர்ட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தால் கலங்கலாக, வேகமாக, கரை தொட்டு வரும். பையன்கள் சிமென்ட் கட்டையிலிருந்து குதிப்பார்கள். துணி துவைக்கிற கல் இன்னும் அங்கங்கே உண்டு. தண்ணீரை நிறுத்திவிட்டால் அடுத்த வாரமே அடியில் கிடப்பது எல்லாம் வெளியே வரும்: தலையணை, பிளாஸ்டிக் குடம், கோழிக்கடைக் கழிவு, சாமி படம் போட்ட காலண்டர். சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வராதவர்கள் வாய்க்காலில் போடுகிறார்கள். மாநகராட்சி கரையில் நடைபாதை போட்டு, கம்பி வேலி வைத்து, விளக்குப் போட்டது. காலையில் நடக்கப் போகிறவர்கள் நிறையப் பேர். வாய்க்கால் வறண்ட மாதங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த வாய்க்காலின் வயல்கள்தான் இன்றைய திருச்சி. தில்லை நகர் என்றால் டாக்டர், ஸ்கேன் சென்டர், நகைக்கடை, துணிக்கடை. தஞ்சாவூர், பெரம்பலூர், புதுக்கோட்டைக்காரர்கள் எல்லாரும் ஒருமுறையாவது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "பத்தாவது கிராஸ் எங்கேங்க?" என்று கேட்டிருப்பார்கள். அந்த கிராஸ்கள் அத்தனையும் நெல் விளைந்த பூமி. கோடு போட்டதுபோல் நேரான தெருக்கள் இருப்பதற்குக் காரணம், பழைய ஊர் ஏதும் நடுவில் இல்லாமல் வயலில் புதிதாக மனை பிரித்தார்கள் என்பதுதான். உறையூரின் சந்துகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் புரியும். உறையூர் சோழர்களின் முதல் தலைநகரம், அங்கே நெய்த மெல்லிய துணி கிரேக்க மாலுமிகளின் குறிப்பேட்டில் வரை போயிருக்கிறது. ஆனால் இன்று உறையூரில் வீடு என்றால் பெண் வீட்டார் முகம் மாறுவதில்லை. தில்லை நகர் என்றால் கொஞ்சம் மலரும். ஊர்ப் பெருமை ஒரு பக்கம், மனை மதிப்பு ஒரு பக்கம்.

வயல் இருந்த இடத்தில் வீடு வந்ததில் தப்பு என்று நான் சொல்லவில்லை. நானும் அப்படி வந்த ஒரு தெருவில்தான் குடியிருக்கிறேன். வயலுக்குத் தண்ணீர் வந்த வழியும், அங்கிருந்து வடிந்த வழியும் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. வாய்க்காலிலிருந்து பிரியும் கன்னி வாய்க்கால்கள் தெருவோரச் சாக்கடை ஆகிவிட்டன. வடிகால்களின் மேல் சிமென்ட் சிலாப் போட்டுக் கார் நிறுத்துகிறோம்.

சரி, கோரையாற்றுக்கு வருவோம்.

இதற்கு மேட்டூர் கிடையாது. தெற்கே கரட்டு நிலத்திலும் குன்றுகளிலும் பெய்கிற மழை ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து சேர்ந்து வருவதுதான் கோரையாறு. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ஓடை. பஞ்சப்பூர், எடமலைப்பட்டிபுதூர், கருமண்டபம் என்று வந்து புத்தூருக்குப் பக்கத்தில் உய்யக்கொண்டானைச் சந்திக்கிறது. ஒரு வாய்க்காலும் ஒரு காட்டாறும் குறுக்கே மோதிக்கொள்கிற இடம் அது. அங்கே இருக்கிற மதகுகளை மூடினால் வாய்க்கால் தண்ணீர் கிழக்கே போய்ப் பாசனத்துக்கு ஆகும்; வெள்ளக் காலத்தில் திறந்துவிட்டால் கோரையாற்றுத் தண்ணீர் குடமுருட்டி என்ற பெயரில் வடக்கே போய், கரூர் பைபாஸ் ரோட்டுக்கு அடியில் புகுந்து காவிரியில் விழும். பக்கத்திலேயே குழுமிக்கரையில் குழுமாயி அம்மன் கோயில். மாசியில் திருவிழா. அம்மன் புத்தூர் மந்தைக்கு வந்ததும், அருள் வந்து ஆடுகிற மருளாளியைத் தோளில் தூக்கி வருவார்கள், அவர் ஆட்டுக்குட்டிகளின் ரத்தத்தைக் குடிப்பார். குட்டி குடித் திருவிழா என்று பெயர். வெளியூர்ப் பத்திரிகைகள் வருஷா வருஷம் அதிர்ச்சிப் படம் போடும். எனக்கு அந்த ரத்தத்தைவிட அம்மன் உட்கார்ந்திருக்கிற இடம்தான் ஆச்சரியம். ஊரில் எது உடைந்தால் ஆபத்தோ அந்த இடத்தில் காவலுக்கு ஒரு சாமியை வைத்திருக்கிறார்கள் முன்னோர்கள். பொதுப்பணித்துறைக்கு முன்னாலேயே பயம் எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளம் வருவது எப்படி என்றால், கோரையாறு பெருகுகிற அதே ஐப்பசி, கார்த்திகையில் காவிரியும் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தால் குடமுருட்டித் தண்ணீரைக் காவிரி உள்ளே வாங்காது. தண்ணீர் பின்னால் தேங்கி ஏறும். ஏறினால் புத்தூர், வயலூர் ரோடு, உறையூரின் மேற்குப் பக்கம், கருமண்டபம் எல்லாம் முழுகும். 1977 நவம்பர் வெள்ளத்தைப் பெரியவர்கள் இன்னமும் "அந்த வெள்ளம்" என்றுதான் சொல்வார்கள், வருஷம் சேர்ப்பதில்லை. அந்த வெள்ளத்தின் உயரத்தைக் கரியால் சுவரில் கோடு போட்டு வைத்திருந்த வீடுகள் என் சின்ன வயசில் இருந்தன. வெள்ளை அடிக்கும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடிப்பார்கள்.

2005-ல் எங்கள் அத்தை கருமண்டபத்தில் இருந்தார். அந்த ஐப்பசியில் காவிரியும் கொள்ளிடமும் பெருகி ஊரே காவிரிப் பாலத்தில் போய் நின்று வேடிக்கை பார்த்து முடித்திருந்தது. நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி அத்தை வீட்டுப் பின்கட்டில் தண்ணீர். போன் செய்தபோது என் அப்பா கேட்ட முதல் கேள்வி, "காவிரி உடைஞ்சிடுச்சா?"

"காவிரி எங்கேடா இங்கே வருது? கொல்லைப்பக்கத்துலேர்ந்து வருது. ஆகாயத்தாமரையா வருதுடா" என்றார் அத்தை.

மாமாவுக்கு முழங்கால் வலி. அவரை நாற்காலியோடு தூக்கி மாடிப்போர்ஷன்காரர்கள் மேலே கொண்டு போயிருந்தார்கள். மூன்றாம் நாள் நாங்கள் போனபோது ஹாலில் பாதி கதவு வரைக்கும் சேறு. கிரைண்டர் கவிழ்ந்து கிடந்தது. அரிசி டின்னைத் திறந்தால் புளித்த வாடை. அத்தை துடைப்பத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "இந்த ஆத்துக்குப் பேரென்னடா?" என்று கேட்டார். பதினைந்து வருஷம் அங்கே குடியிருந்தவர். ஆறு ஒன்று பின்னால் இருப்பது தெரியும், பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு அவசியமும் அதுவரை வந்ததில்லை.

ஊர் ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் வேறு பக்கம் இல்லை என்பதுதான் பதில். வடக்கே காவிரி, அதைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் தீவு, அப்புறம் கொள்ளிடம். கிழக்கே பொன்மலை ரயில்வேக்காரர்கள் நிலம், அதைத் தாண்டினால் திருவெறும்பூரில் பெல், துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடி. பொன்மலை ஒர்க் ஷாப் 1920களில் நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து வந்தது. ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சினை இன்றைக்கும் செய்து கொடுக்கிற கைகள் அங்கேதான் இருக்கின்றன. 1946 செப்டம்பரில் வேலைநிறுத்தத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தது பொன்மலையில்தான். வருஷா வருஷம் செங்கொடி ஏற்றி நினைவுகூர்வார்கள். 1960களில் பெல் வந்தது. கொதிகலன் செய்கிற அந்த ஒரு ஆலையை நம்பி நூற்றுக்கணக்கான பட்டறைகள் முளைத்தன. நானும் அப்படி ஒரு பட்டறையில் கணக்கு எழுதியிருக்கிறேன். நாட்டில் புது அனல்மின் நிலையங்கள் குறைந்து ஆர்டர் வராமல் போனபோது, துவாக்குடியில் வெல்டிங் வெளிச்சம் தெரியாத ராத்திரிகள் வந்தன. நல்ல கைகாரர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள்.

அங்கேயிருந்து அனுப்பிய பணம்தான் இப்போது ஊரைக் கட்டுகிறது என்றால் அதிகமாகாது. 1901 கணக்கெடுப்பில் திருச்சியின் ஜனத்தொகை 1,04,721. 2011-ல் மாநகராட்சிக்குள் 9.16 லட்சம், ஒட்டிய ஊர்களையும் சேர்த்தால் 10 லட்சத்தைத் தாண்டும். அதற்கப்புறம் எவ்வளவு என்று அடுத்த கணக்கெடுப்பு சொல்லட்டும், எங்கள் தெருவில் பார்க்கிங் சண்டையின் எண்ணிக்கையை வைத்து நான் ஒரு மாதிரி ஊகித்து வைத்திருக்கிறேன். வந்தவர்கள் வேலை தேடி வந்தவர்கள் மட்டும் இல்லை. மகன் சிங்கப்பூரில், மருமகள் கோலாலம்பூரில், பேரப்பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில். பெரியவர்களுக்கு ஏர்போர்ட்டும் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்க வேண்டும். அரியலூரிலோ பட்டுக்கோட்டையிலோ நிலம் வைத்திருக்கிறவர் திருச்சியில் ஒரு அபார்ட்மென்ட் வாங்குவது இதற்குத்தான். 2024 ஜனவரியில் திறந்த புது ஏர்போர்ட் டெர்மினலுக்கு வெளியே விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வேனில் குடும்பமே வந்து இறங்கியிருக்கும். வருகிறவர் ஒருவர், அழைத்துப்போக வந்தவர்கள் பன்னிரண்டு பேர், அதில் இரண்டு குழந்தைகள் தரையில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இப்படி நிரம்பிய ஊருக்கு மதுரை ரோடுதான் திறந்த வாசல். பஞ்சப்பூர் அந்த ரோட்டில் இருக்கிறது. 2025 மே மாதம் அங்கே ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தைத் திறந்தார்கள், ஜூலையில் பஸ்கள் ஓடத் தொடங்கின. டைடல் பார்க்கும் அங்கேதான் வருகிறது. லாரி முனையம், காய்கறி மார்க்கெட் என்று பட்டியல் நீளம்.

பஸ் முனையம் நன்றாகத்தான் இருக்கிறது, சும்மா குறை சொல்லக் கூடாது. கீழே வெளியூர் பஸ், மேலே டவுன் பஸ். தரை வழுக்குகிற மாதிரி சுத்தம். எஸ்கலேட்டர் முன்னால் ஒரு பாட்டி கையில் வெற்றிலைக் கூடையோடு நின்று, ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். பின்னால் நின்ற காலேஜ் பெண், "பாட்டி, என் கையைப் பிடிச்சுக்கோங்க, ரெண்டு காலையும் சேர்த்து வைங்க" என்று கூட்டிப்போனது. மேலே போனதும் பாட்டி திரும்பிப் பார்த்து, "இறங்கறதுக்கும் நீதான் வரணும்" என்றார். எனக்கு இருக்கிற குறை வேறு. பழைய சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஜங்ஷன் நடக்கிற தூரம். ரயிலும் பஸ்ஸும் எதிரெதிரே இருந்த வசதி தமிழ்நாட்டில் பல ஊருக்குக் கிடையாது. அதை விட்டுவிட்டு இப்போது பஞ்சப்பூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து ஜங்ஷனுக்கு வர வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு வருகிறவர்களிடம் ஆட்டோக்காரர் கேட்கிற பணம் மதுரையிலிருந்து வந்த டிக்கெட்டை விட அதிகம்.

மார்க்கெட் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. காந்தி மார்க்கெட் 1868-லிருந்து இருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அந்தப் பக்கம் லாரியும் தள்ளுவண்டியும் மூட்டைத் தூக்குகிறவர்களும் முட்டைகோஸ் இலையும் தவிர வேறெதற்கும் இடம் இருக்காது. நெரிசல் தாங்கவில்லை என்று மதுரை ரோட்டில் கள்ளிக்குடியில் புது வணிக வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். வியாபாரிகள் போகவில்லை. தூரம், ஆள் வராது, கடை சின்னது என்று ஆயிரம் காரணம். கோடிக்கணக்கில் கட்டிய கட்டடம் காலியாகக் கிடந்தது. இப்போது பஞ்சப்பூரில் மறுபடியும் ஒரு மார்க்கெட். போவார்களா என்பதை அரசாங்கம் சொல்ல முடியாது. கொத்தமல்லிக் கட்டு வாங்குகிற நம்முடைய பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் நடுவே கோரையாறு இருக்கிறதே, அதுதான் விஷயம். பஞ்சப்பூர் அந்த ஆற்றின் கரை. நகரத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற நிலையமும் அங்கேதான், சுத்திகரித்த தண்ணீர் போகிற இடமும் கோரையாறுதான். அது புத்தூர் வழியாக, குடமுருட்டியாகி, காவிரியில் சேர்கிறது. சேர்கிற இடத்துக்குக் கீழேதான் நம்முடைய படித்துறைகள் வரிசையாக இருக்கின்றன.

போன வருஷம் என் தங்கை வீட்டுக்காரருக்கு மனை பார்க்க அந்தப் பக்கம் போனோம். மதுரை ரோட்டிலிருந்து மேற்கே உள்ளே போகிற இடம். வழக்கம்போல வரவேற்பு வளைவு, கலர் கலராகக் கொடி, வெள்ளை அடித்த மனைக் கற்கள், நிழலுக்குச் சாமியானா, ரோஸ்மில்க். முதலில் பதிவு செய்கிறவர்களுக்குப் பத்திரச் செலவு இலவசம் என்று பேனர். ஏஜென்ட் சின்ன வயசு, மரியாதையான பையன். எல்லாக் காகிதமும் கையில் வைத்திருந்தார். டிடிசிபி மனை ஒப்புதல், ரெரா பதிவு, வில்லங்கச் சான்று, ஒன்றிலும் குறையில்லை.

"இங்கே தண்ணி வருமா தம்பி?" என்று கேட்டேன்.

"அந்தக் கவலையே வேணாம் சார். போர் போட்டா நூறு அடியில அமிர்தம். கார்ப்பரேஷன் லைனும் வந்துடும்."

"அதில்லப்பா. மழைக்காலத்துல ஆத்துத் தண்ணி?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "காவிரியா? காவிரி எங்கே இருக்கு, நாம எங்கே இருக்கோம் சார்!"

நான் மனைகளின் கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த கருவேல வரிசையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அது ஓடை சார்" என்றார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பையனுக்கு 2005-ல் எத்தனை வயசு இருந்திருக்கும்? நூறடியில் அமிர்தம் கிடைப்பதே அந்த ஓடையினால்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் திருச்சிக்காரர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் கேனைத் தேடுவார்கள். "குழாயிலேயே பிடிச்சுக் குடிங்க, காவிரித் தண்ணி" என்று சொல்கிற சுகம் வேறு எந்த ஊர்க்காரனுக்கு உண்டு? கம்பரசம்பேட்டையில் ஆற்று மணலுக்குள் இறக்கிய வட்டக் கிணறுகள். பக்கவாட்டில் குழாய்களை மணலுக்குள் நீட்டியிருப்பார்கள். மணல் வடிகட்டிக் கொடுப்பதை இறைத்து மேலே ஏற்றுகிறார்கள். கொஞ்சம் மேற்கே முத்தரசநல்லூரிலிருந்து ராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் புறப்பட்டு புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டிப் போகிறது. ராமநாதபுரத்தில் ஒரு வீட்டுக் குடத்தில் விழுகிற தண்ணீர் இந்த மணலில் வடிந்ததுதான். மணல் போனால் தண்ணீர் வடியாது என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபத்தில் நிற்க இடம் இருக்காது. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். மஞ்சளில் பிள்ளையார், காதோலை கருகமணி, காப்பரிசி, விளாம்பழம், வாழையிலை ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வழுக்கும். ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பெருமாள் எழுந்தருளி காவிரித் தாயாருக்குப் பட்டும் மாலையும் சீர் கொடுப்பார், யானை மேல் வந்து ஆற்றில் விடுவார்கள். தண்ணீர் வராத வருஷங்களில் படித்துறையில் ஷவர் குழாய் போட்டுக் கொடுத்ததும் இதே ஊர்தான். ஜனங்கள் ஷவருக்கு அடியில் நின்று காவிரியைக் கும்பிட்டார்கள். நான் கேலி செய்யவில்லை. ஒரு ஆற்றின் மேல் இவ்வளவு பிரியம் வைக்கத் தெரிந்த ஊர் இது. அதில் கால் பங்கு இன்னொரு ஆற்றுக்குக் கொடுத்தால், கரையை அளந்து, ஆக்கிரமிப்பை எடுத்து, குடமுருட்டியின் வாயைத் தூர்வாரிவிடலாம். 2016-ல் தூய்மைக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே மூன்றாம் இடம் வந்த மாநகராட்சி இது. வேலை செய்யத் தெரியாதவர்கள் இல்லை.

ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கோரையாற்றுக் கரையை உயர்த்துவது பற்றிப் பேச்சு எழும். கரையை உயர்த்துவது நல்லதுதான். ஆனால் மேலே பஞ்சப்பூரில் சுவர் எழுப்பி வேகமாக அனுப்பினால் கீழே புத்தூரில் அதே தண்ணீர் சீக்கிரமாக வந்து நிற்கும். குடமுருட்டி இன்னும் அதே அகலம்தான்; காவிரி நிரம்பியிருந்தால் அதே மாதிரி கதவைச் சாத்தும். மேலே இருக்கிற ஏரிகளைப் பழைய கொள்ளளவுக்குக் கொண்டுவந்தால் மழைத்தண்ணீர் ஒவ்வொன்றாக நின்று நிதானமாக வரும். அந்த ஏரிகளைத் தோண்டி வைத்தவர்களுக்குத் தெரிந்த வித்தைதான் இது. புதிதாக யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏரிக்குள் இருக்கிற பட்டாக்களை யார் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

தங்கை வீட்டுக்காரர் கடைசியில் அந்த மனையை வாங்கவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து இல்லை, வங்கிக் கடன் சரிவரவில்லை. அந்த ஏஜென்ட் பையன் என் நம்பரையும் வாங்கி வைத்திருந்தார். பொங்கலுக்கும் ஆடிக்கும் வாழ்த்தோடு மனைப் படம் வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் வந்ததில் பின்னால் இருந்த கருவேல வரிசையைக் காணோம், கற்கள் ஓடையின் விளிம்பு வரைக்கும் போயிருக்கின்றன. சதுர அடிக்கு முந்நூறு ரூபாய் ஏறியிருக்கிறது.